ஒளியும் மின்னோட்டமும், அருளும் பக்குவமும்

சூரியத் தகட்டில் வெயில் பட்டதும் மின்சாரம் பாய்கிறது. அதை ஒளி கொடுத்ததா, தகட்டுக்குள் இருந்தது வெளிப்பட்டதா? உயிர் வீடு பெறுவது அருளாலா, தன் பக்குவத்தாலா என்று சைவ சித்தாந்தம் ஆராயும் கேள்வியும் இதே வடிவினது.

ஒளி பட்டு மின்னோட்டம் பிறப்பதை 1839இல் பிரெஞ்சு அறிஞர் எட்மண்ட் பெக்கரல் கண்டார். ஒளியின் ஆற்றல் சிறு சிறு பொதிகளாக வருகிறது என்பதை 1905இல் ஐன்ஸ்டைன் முன்வைத்தார். சூரியத் தகட்டின் சிலிக்கானில் ஓர் எலக்ட்ரானை விடுவிக்க ஒரு பொதிக்கு ஏறத்தாழ 1.1 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். எலக்ட்ரான்கள் முன்பே அங்கு உள்ளவை. ஒளி அவற்றின் கட்டை அவிழ்க்கிறது. பாஸ்பரஸ் கலந்த பகுதியும் போரான் கலந்த பகுதியும் கூடும் சந்தியில் உள்ள மின்புலம் அந்த எலக்ட்ரான்களை ஒரு திசையில் செலுத்துகிறது.

மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில் உள்ள சுங்கை வே சுதந்திர வர்த்தக வட்டாரத்தில் 1970களிலிருந்து மின்னணுத் தொழிற்சாலைகள் இயங்கிவருகின்றன. அங்கு உருவாகும் மின்னணுச் சில்லுகளிலும் இவ்வகைச் சந்திகள் உண்டு. ஆனால் சில்லைப் பெரும்பாலும் கரும்பிசினில் பொதிந்துவிடுவார்கள். அதனுள் ஒளி புகாது. வெயிலில் வைத்தாலும் அதில் மின்னோட்டம் எழாது. சிலிக்கான் ஒன்றே, மறைப்பு வேறுபடுத்துகிறது.

உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலத்தைச் சித்தாந்தம் இருளாகவே காண்கிறது. சூரியகாந்தக் கல் தானாகப் பஞ்சை எரிக்காது, கதிரவன் முன்னிலையில்தான் எரிக்கும் என்ற உவமையைத் திருமூலர் திருமந்திரத்தில் ஆள்கிறார். கல்லும் வேண்டும், கதிரும் வேண்டும். மலபரிபாகம் என்னும் பக்குவமும் சத்தினிபாதம் என்னும் அருள்வீழ்ச்சியும் அவ்வாறே சேர்ந்து நிற்கின்றன.

எனினும் சிலிக்கான் சடம், உயிர் அறிவுடையது. சில்லின் கரும்பொதிவு மனிதர் இட்டது. ஆணவமோ செம்பில் களிம்புபோல் உயிரோடு அநாதியாக உள்ளது. எல்லாவற்றிலும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. வெயில் கரும்பிசினை அகற்றித் தனக்கு வழி திறப்பதில்லை. இறைவனின் சத்தியோ திரோதானம் என்னும் மறைப்பாற்றலாக மலத்தோடு நின்று, அதையே பக்குவப்படுத்துகிறது. ஆகவே சித்தாந்தத்தில் பக்குவம் அருளுக்குப் போட்டியான இன்னொரு காரணம் ஆகாது. உயிர் பக்குவம் பெறுவதும் அருளின் செயலே.