பயிற்சிக்குக் கூலி வேண்டாமா?

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து எமர்சன் கலாசாலை, 2014-இல் ஹாலிவுட்டில் தனக்கெனக் கட்டடம் ஒன்று திறந்தது. சினிமாக்கலை பயிலும் மாணாக்கர் ஒரு பருவம் அங்குத் தங்கிப் பாடங் கேட்பதோடு, தொழிலிடங்களிலும் பயிற்சி பெறுகின்றனர். நீந்தக் கற்போர் நீரில் இறங்கத்தானே வேண்டும்? இத்தகைய ஏற்பாடுகளை நாம் போற்றுகின்றோம்.

ஆயினும் ஒரு வினா எழுகின்றது. பயிற்சி என்னும் பெயரால் வேலை வாங்குவோர் கூலி கொடுக்க வேண்டாமா? 'பிளாக் சுவான்' என்னும் படத்திற்கு ஊதியமின்றி உழைத்த இருவர், 2011-இல் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தனர். அவர்களும் தொழிலாளரே என்று 2013-இல் நீதிபதி தீர்ப்பளித்தார். 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி, பெரும்பயன் அடைபவர் பயில்வோரா முதலாளியா என்பதே உரைகல் என்றது.

அவ்வுரைகல்லை நாமும் ஏற்கின்றோம். ஆனால், காப்பி வாங்கிவரவும் குப்பை கொட்டவும் ஏவப்படுவோர் கற்பது யாது? அது கல்வியன்று, கூலி மறுக்கப்பட்ட வேலையே. மேலும், செல்வர் வீட்டுப் பிள்ளை ஊதியமின்றியும் பெருநகரில் ஒரு பருவம் வாழும்; அன்றாடங் கூலிக்காரர் பிள்ளை வாழுமா? திறந்த வாயிலும் அப்பிள்ளைக்கு அடைத்த வாயிலேயாம். அங்ஙனமாயின், செல்வர் கண்ட உலகமே திரையில் உலகமென்று காட்டப்படும்.

கற்பிப்போர் உண்மையாகக் கற்பிக்கட்டும். வேலை வாங்குவோர் கூலி கொடுக்கட்டும். இதுவே அறம் என்பது நம் துணிபு.