கணக்கில் ஏறாத உயிர்கள்

போர் என்றவுடன் நம் மனக்கண்முன் விரிவது களம். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பெரும் போர்கள் களத்தில் நடந்ததைவிட ஆலைகளிலும் துறைமுகங்களிலும் அரிசிக் கிடங்குகளிலும் அலுவலர்களின் மேசைகளிலும் நடந்ததே மிகுதி. இவ்வுண்மையை இன்றைய இளைஞர்கள் வரலாற்று நூல்களின் வாயிலாக அறிந்ததைவிடக் கணிப்பொறி விளையாட்டு ஒன்றின் வாயிலாகவே நன்கறிந்திருக்கிறார்கள். 'ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன்' என்பது அதன் பெயர். ஸ்வீடன் நாட்டின் பாரடாக்ஸ் நிறுவனம் வெளியிட்டது. அதன் நான்காம் பாகம் 2016இல் வந்தது. தூத்துக்குடியிலோ காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ வீட்டு மாடியறையில் அமர்ந்திருக்கும் ஓர் இளைஞன், 1936ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாட்டின் ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறான். எத்தனை ஆலைகள் துப்பாக்கி செய்வது, எத்தனை விமானம் செய்வது, எஃகும் ரப்பரும் எண்ணெயும் எங்கிருந்து வருவது என்பவற்றையெல்லாம் அவனே வகுக்கிறான். ஒரே கருவியைத் தொடர்ந்து செய்துவரும் ஆலையின் திறன் நாளடைவில் ஏறும். இடையில் வேறு கருவிக்கு மாற்றினால் இறங்கும். இதற்கெல்லாம் கூர்மதி வேண்டும். நம் பிள்ளைகள் இதில் செலவிடும் நேரத்தைப் பற்றிப் பெற்றோர் கவலைப்படுவதில் நியாயம் உண்டு. ஆயினும் இங்கு நாம் பேச வந்தது அதுவன்று.

அவ்விளையாட்டில் 'நுகர்பொருள்' என்றொரு பகுதி இருக்கிறது. நாட்டின் ஆலைகளில் ஒரு விழுக்காடு, குடிமக்களுக்கு வேண்டிய பண்டங்களுக்கென்று கழிக்கப்பட்டுவிடும். அவ்விழுக்காடு குறையக் குறைய ஆட்டக்காரனுக்கு ஆதாயம். உண்ணுவதும் உடுத்துவதும் அங்கே ஒரு கழிவுக் கணக்கு! மனிதனின் சோறும் துணியும் போரின் தேவை போக எஞ்சியவையா, அல்லது போரின் தேவையைக் கணக்கிடுவதற்கு முன்பே எடுத்து வைக்கப்பட வேண்டியவையா? இந்தக் கேள்வியை விளையாட்டு எழுப்புவதில்லை. எழுப்பாதது விளையாட்டின் குற்றமும் அன்று. மெய்யான போரை நடத்தியவர்களே எழுப்பவில்லை.

முன்கூட்டிக் கணக்கிடுவது நம் கடற்கரைக்குப் புதிதன்று. முத்துச் சலாபம் எப்படி நடந்தது என்பதை நினைத்துப் பார்க்கலாம். கடலடியில் உள்ள பார்களை அரசின் அலுவலர்கள் முதலில் சோதிப்பார்கள். மாதிரிக்குச் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்துக்களை மதிப்பிட்டுப் பார்ப்பார்கள். சிப்பி முதிரவில்லையென்றால் அவ்வாண்டு குளிப்பு இல்லை. முதிர்ந்திருந்தால் நாள் குறிப்பார்கள். எடுத்த சிப்பியில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. பரதவரும் முஸ்லிம்களுமாகிய குளியாளிகள் தம் பங்கைக் கரையிலேயே வணிகரிடம் விற்றுக் காசாக்கிக் கொள்வார்கள். பிரிட்டிஷார் காலத்து நடைமுறை இது. தூத்துக்குடியில் கடைசியாக 1955 முதல் 1961 வரை தொடர்ச்சியாகச் சலாபம் நடந்தது. மூச்சையடக்கிக் கடலடி செல்பவனுக்கு மூன்றில் ஒன்று என்பது தாராளமான பங்கு என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் அவனுடைய பங்கு கணக்கின் முதல் வரியிலேயே இருந்தது. அரசின் தேவை தீர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவனுக்குச் சொல்லப்படவில்லை.

இனி 1942ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசி நின்றது. ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பின்மீதும் மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா மீதும் குண்டுகள் விழுந்தன. அடுத்து வங்கக் கரையில் பகைவன் இறங்கக்கூடும் என்று அஞ்சிய அரசு, அவனுக்குப் பயன்படக்கூடாது என்று பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகளையெல்லாம் அப்புறப்படுத்த முற்பட்டது. பதிவான ஏறத்தாழ 66,500 படகுகளில் 46,000க்கும் மேற்பட்டவை அகற்றவோ அழிக்கவோ பட்டன. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணியில் சரக்கேற்றிப் பிழைத்த கரை நம்முடையது. படகைப் பறித்தால் என்ன பறிபோகும் என்று நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. வங்கத்து மீனவன் வலைவீசும் இடத்தை இழந்தான். ஆற்றுக்கு அக்கரையில் நிலம் வைத்திருந்தவன் விதைக்கப் போக வழியின்றி நின்றான். ஓடக்காரன் தொழிலையே இழந்தான்.

அதே 1942இல் கல்கத்தாவில் வேறொரு திட்டம் நடந்தேறியது. போர்த்தளவாடம் செய்யும் ஆலைகளின் தொழிலாளர்க்கு அரிசி தட்டக்கூடாது என்று, பெங்கால் சேம்பர் ஆஃப் காமர்ஸ் அரசின் ஆதரவோடு உணவுத் திட்டம் ஒன்றை வகுத்தது. ஆலைத் தொழிலாளிக்கும் துறைமுகத் தொழிலாளிக்கும் குறைந்த விலையில் அரிசி கிடைத்தது. நல்ல காரியந்தான். ஆனால் அந்த அரிசி நாட்டுப்புறத்திலிருந்து வந்தது. போர்ச் செலவுக்காக நோட்டுகள் அச்சாகிக் குவிந்தன. போர் முடிவதற்குள் புழக்கத்திலிருந்த பணம் ஐந்து மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. விலை ஏறியது, கூலி ஏறவில்லை. 1943இல் இறந்தவர்கள் யாவர் என்பதை அமர்த்தியா சென் 1981இல் வெளியான தம் நூலில் ஆராய்ந்து காட்டினார். நிலமற்ற கூலியாட்கள், மீனவர்கள், படகுத் தொழிலாளர்கள் ஆகியோரே முதல் வரிசையில் இருந்தனர். கல்கத்தாத் தெருக்களில் விழுந்து மாண்டவர்களிலும் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து கஞ்சி தேடி வந்தவர்களே. அரசு அமைத்த விசாரணைக் குழு 1945இல் 15 லட்சம் என்றது. பின்வந்த ஆய்வாளர் பலர் 30 லட்சம் வரை கணக்கிடுகின்றனர். இவர்களை எவரும் வெறுத்துக் கொல்லவில்லை. துப்பாக்கிக்கோ சணல்மூட்டைக்கோ இவர்களால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. ஆகையால் பட்டியலில் இவர்களுக்கு வரி இல்லாமற் போயிற்று.

துணியின் கதையும் இதுவே. இந்திய ஆலைத் துணியில் கணிசமான பகுதி படைக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் போனது. 1943இல் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. தூத்துக்குடியின் கோரல் மில்லை நாம் அறிவோம், 1908இல் வ.உ.சி. அவர்கள் தொழிலாளரைத் திரட்டி வேலைநிறுத்தம் நடத்திய அதே ஆலை. ஆலைத் தொழிலாளி போர்க்காலக் கணக்கில் இடம் பெற்றவன். ஆலை நூலை வாங்கித் தறி நெய்யும் ஏழை அப்படியல்லன். நூல் வரவில்லையென்றால் தறி நின்றது. மய்யித்துக்கு ஆணுக்கு மூன்று துணி, பெண்ணுக்கு ஐந்து துணி என்பது நாம் அறிந்த சுன்னத். 1945இன் துணிப் பஞ்சத்தில் வங்கத்து ஏழைகள் உடுத்தவே துணியின்றி வீட்டுக்குள் அடைந்து கிடந்தனர் என்றால், கஃபனுக்கு எங்கே போவார்கள்?

இங்கே ஒரு மறுப்பு எழும். எதிரில் நின்றது ஹிட்லரின் படையும் ஜப்பானின் படையும் அல்லவா? தோற்றிருந்தால் இதைவிடப் பெரிய அழிவு வந்திராதா? இரு தீங்குகளில் சிறியதை ஏற்பது நம் ஃபிக்ஹிலும் உள்ள விதிதானே? இம்மறுப்பை எளிதாகத் தள்ளிவிட முடியாது. போர்க்காலத்தில் முன்னுரிமை என்பதே கூடாது என்பாரும் நாட்டைக் காக்க மாட்டார்கள்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது 'முஸ்தஸ்ஃபா'வில் இக்கேள்வியை எடுத்து ஆராய்கிறார்கள். பகைவர் முஸ்லிம் கைதிகளைக் கேடயமாக முன்னிறுத்தி வருகின்றனர். தாக்கினால் குற்றமற்ற கைதி சாவான், தாக்காவிட்டால் சமுதாயமே அழியும். அந்நிலையில் தாக்கலாம் என்பதற்கு இமாம் அவர்கள் மூன்று நிபந்தனைகள் விதிக்கிறார்கள். அது தவிர்க்கவே முடியாத தேவையாயிருத்தல் வேண்டும். விளைவு ஊகமாக இன்றி உறுதியாக இருத்தல் வேண்டும். சிலருடைய நலனாக இல்லாது சமுதாயம் முழுவதன் நலனாயிருத்தல் வேண்டும். அதே இடத்தில் ஒரு கப்பலையும் காட்டுகிறார்கள். ஒருவனைக் கடலில் எறிந்தால் மற்றவர் பிழைப்பர், இல்லையேல் அனைவரும் மூழ்குவர் என்றாலும், எறியக் கூடாது என்பதே அவர்களின் முடிவு. சீட்டுப் போட்டு எடுப்பதையும் ஏற்கவில்லை. கடலோரத்தில் வாழும் நமக்கு இந்த உவமையின் கனம் தெரியும். கப்பலில் இருப்போர் எண்ணிக்கை பெரிது என்பதால் எறியப்படுபவன் உயிர் சிறிதாகிவிடாது.

இந்த அளவுகோலை வங்கத்துப் படகுகளின்மீது வைத்துப் பார்க்கலாம். பகைவன் வருவான் என்பது ஊகம். அவன் வங்கக் கரையில் இறங்கவேயில்லை. மீனவன் பட்டினி கிடப்பான் என்பதோ உறுதி. ஊகத்துக்காக உறுதி பலியிடப்பட்டது. படகை எடுத்தவர்கள் அவனுக்கு அரிசி கொடுத்திருக்கலாம். நஷ்டஈட்டுப் பணம் கொடுத்ததோடு கடமை தீர்ந்தது என்று எண்ணினார்கள். விலை ஏறிய சந்தையில் அப்பணம் எத்தனை நாளைக்கு வரும்? உணவுக் கப்பல் வேண்டி இந்தியாவிலிருந்து லண்டனுக்குப் போன வேண்டுகோள்கள் 1943இல் திரும்பத் திரும்பத் தட்டிக்கழிக்கப்பட்டன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தவிர்க்க முடியாத தேவை என்னும் நிபந்தனையும் நிறைவேறவில்லை என்றே நாம் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

திட்டமிடுவோருக்கு நம் மரபில் தலைசிறந்த முன்மாதிரி நபி யூசுஃப் (அலை) அவர்கள். ஏழாண்டு விளைச்சலையும் ஏழாண்டுப் பஞ்சத்தையும் முன்கூட்டிக் கணக்கிட்டவர்கள். கதிரிலேயே தானியத்தை விட்டுவையுங்கள் என்று சொன்னபோது, உண்பதற்கு வேண்டியதை முதலில் நீக்கிவிட்டே சொன்னார்கள். களஞ்சியத்தைத் தம்மிடம் ஒப்படைக்கக் கோரியபோது தமக்குள்ள தகுதிகளாக இரண்டைக் குறிப்பிட்டார்கள்: பாதுகாப்பவன், அறிந்தவன். அறிவு இரண்டாவதாகவே வருகிறது. 1943இன் அலுவலர்களிடம் அறிவுக்குப் பஞ்சமில்லை. ஹிஜ்ரி 18இல் மதீனாவைப் பஞ்சம் வாட்டியபோது ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் எகிப்துக்கும் ஷாமுக்கும் எழுதித் தானியம் வருவித்தார்கள். மக்களுக்குக் கிடைக்கும்வரை தாம் நெய்யைத் தொடுவதில்லை என்று எண்ணெயோடு ரொட்டி உண்டார்கள். திருட்டுக்கான தண்டனையையும் அப்போது நிறுத்தி வைத்தார்கள். பஞ்சத்தின் கணக்கை எழுதிய கையே பஞ்சத்தின் ரொட்டியையும் எடுத்தது.

மாடியறையில் விளையாடும் பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அவனோடு அமர்ந்து, 'நுகர்பொருள்' என்னும் அந்த விழுக்காட்டைச் சுட்டி, இதற்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கலாம். அவனுக்கு விடை தெரியாதிருக்கலாம். அப்போது யூசுஃப் (அலை) அவர்களின் களஞ்சிய வாயிலை அவனுக்குச் சொல்லலாம். அங்கே வந்து நின்றவர்களுள் கன்ஆனிலிருந்து வந்த சகோதரர்களும் இருந்தனர். அவர்கள் எகிப்தின் குடிகள் அல்லர். எகிப்தின் வயலிலோ பட்டறையிலோ வேலை செய்தவர்களும் அல்லர். போதாக்குறைக்கு, அளந்து கொடுப்பவரை ஒரு காலத்தில் கிணற்றில் தள்ளியவர்கள். அவர்களுக்கும் ஆளுக்கோர் ஒட்டகச் சுமை அளந்து தரப்பட்டது.