அப்பன் காதுல மெதுவா சொன்னவன்

ஒரு தம்பி கேட்டிருந்தார்: "மறதி நோய் வந்த அம்மாவை ஹோம்ல சேர்த்தா முருகன் மன்னிப்பானா?"

பிரணவத்துக்குப் பொருள் தெரியாம முழிச்ச பிரம்மாவைத் தலையில குட்டிச் சிறையில போட்டவன் நம்ம முருகன். அதே கேள்வியோட அப்பா வந்து நின்னப்ப? குட்டல. காதோரம் மெதுவா சொன்னான். சுவாமிமலைல நான் பாக்கறது இதைத்தான். பெத்தவங்களுக்குத் திரும்பச் சொல்றப்ப குரல் தணியணும்.

மல்லசமுத்திரத்துல எங்க அம்மாயி நடுராத்திரி எழுந்து, "காளிப்பட்டி பூசத்துக்கு நேரமாச்சு"ன்னு கதவைத் தட்டுவாங்க. "இன்னிக்குப் பூசம் இல்லீங்க"ன்னா அழுகை. "போலாங்க அம்மாயி, திருநீறு வெச்சுக்கோங்க"ன்னா படுத்துக்குவாங்க. மூணு வருஷமா அம்மாவுக்குச் சரியான தூக்கமே இல்லை.

இது பாவமும் இல்லை, சாபமும் இல்லை, மூளை நோய். 2023ல வந்த ஆய்வுக் கணக்குப்படி இந்தியாவுல சுமார் 88 லட்சம் பேருக்கு இருக்கு. பாத்துக்கறவங்க விழற நிலைமைன்னா ஹோம்ல சேருங்க தம்பி, முருகன் கோவிச்சுக்க மாட்டான். ராத்திரி ஆள் இருக்காங்களா, கட்டிப்போடுவாங்களான்னு முதல்ல விசாரிங்க. நினைச்ச நேரம் பாக்க விடாத இடம் வேண்டவே வேண்டாம் (ஏசி ரூமைப் பாத்து ஏமாறாதீங்க).

சேர்த்தப்புறம் கிருத்திகைக்குக் கிருத்திகையாவது போங்க. "நீ யாரு கண்ணு"ன்னு கேட்டா, பேரை மெதுவா காதுல சொல்லுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!