பல்லவியும் ஞாபகமும்

பல்லவியைத் துறந்த பாட்டுக்கு நியாயம் கேட்டால், நம்மவர்கள் யாப்பைத் துறந்த கவிதையைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். 'எழுத்து' 1959இல் தொடங்கிய பிறகு நடந்த சண்டையில் புதுக்கவிதை ஜெயித்துவிட்டது. ஆகவே பாட்டிலும் உருவத்தை உடைப்பது தன்னளவிலேயே நியாயம் என்பது வாதம். இந்த ஒப்புமை எனக்கு அத்தனை சுலபமாகப் படவில்லை. எதுகையும் மோனையும் சீரும் பெருமளவுக்கு ஞாபகத்தின் கருவிகள். அச்சு வந்ததும் அந்த வேலையைக் காகிதம் எடுத்துக்கொண்டது. வரி மறந்தால் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம். புதுக்கவிதைக்காரனின் சுதந்திரத்தில் அச்சுக் கோப்பவனுக்கும் பங்குண்டு. (இதை நாம் ஒப்புக்கொள்வதில்லை.)

பாட்டு காதுக்கானது. ஓடிப்போன வரியைக் கேட்கிறவன் பிடித்து நிறுத்த முடியாது. பல்லவி திரும்பி வருவது அவனுக்காக. பஜனை கோஷ்டியிலும் நடவுப் பாட்டிலும் அவன் வாய் திறப்பது அந்த இடத்தில்தான். அதை எடுத்துவிட்டால், கூடப் பாடியவன் வெறுமனே கேட்கிறவனாகிவிடுகிறான். உருவச் சோதனை செய்கிறவனிடம் என்ன புதுமை என்று கேட்பதற்கு முன், பல்லவி சுமந்ததை இப்போது யார் சுமக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

சியாமா சாஸ்திரிகளின் (1762–1827) பைரவி ஸ்வரஜதியில் அனுபல்லவியே கிடையாது. பல்லவிக்குப் பின் நேராக எட்டுச் சரணங்கள். ஆனால் முதல் சரணம் ஷட்ஜத்தில் தொடங்குகிறது, அடுத்தது ரிஷபத்தில். இப்படி ஒவ்வொரு ஸ்வரமாக ஏறி எட்டாவது மேல் ஷட்ஜத்தில் தொடங்குகிறது. ஸாஹித்யம் மறந்தவனுக்கும் அடுத்த படி எது என்று தெரியும். தியாகராஜரின் துணிச்சல் வேறு வகை. ஆரபி பஞ்சரத்னத்தில் சரணங்கள் பல்லவிக்குத் திரும்புவதில்லை. கண்ணனின் பேச்சைக் குறைசொல்லும் வேறொரு வரிக்குத் திரும்புகின்றன. திருவையாற்று ஆராதனையில் பலர் சேர்ந்து பாடுகிற கீர்த்தனை அது.

எனக்குச் சங்கடம் தருவது குவீன் குழுவின் 'பொஹீமியன் ராப்ஸடி'. 1975இல் வந்தது, ஏறக்குறைய ஆறு நிமிஷம். பியானோவோடு ஒரு வாக்குமூலம், கிடார், ஆபரா, முரட்டு ராக், பிறகு தணிவு. திரும்பி வரும் பல்லவி இல்லை. அப்படியும் 2017இல் லண்டன் ஹைட் பார்க்கில், வேறொரு குழுவின் கச்சேரிக்குக் கூடியிருந்த ஜனங்கள், ஒலிபெருக்கியில் இது ஓடியதும் முழுப் பாட்டையும் பாடினார்கள். காரணத்தைப் பாட்டுக்குள் தேடிப் பயனில்லை. திருப்பிச் சொல்லும் வேலையை ஃப்ரெடி மெர்க்குரி இசைத்தட்டிடம் விட்டுவிட்டார். கவிதைக்கு அச்சு செய்ததைப் பாட்டுக்கு இசைத்தட்டு செய்திருக்கிறது.

ஆனால் யாருக்கு? மறுபடி மறுபடி ஓட்டிக் கேட்க முடிந்தவனுக்கு. கழனியிலும் சாவு வீட்டிலும் பாடுகிறவர்களுக்குப் பாட்டின் ஞாபகம் பாட்டுக்குள்ளேயே இருந்தாக வேண்டும். அவர்களுக்காக எழுதுவதாகச் சொல்லிக்கொண்டே பல்லவியை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் எதையும் வைக்காமல் போகிறவர்கள் உண்டு. ஜனங்களுக்கு ரசனை இல்லை என்று பிறகு குறைப்படுகிறவர்களும் அவர்களே.

மெர்க்குரியின் குழுவுக்கே அந்த ஆபராப் பகுதி மேடையில் வசப்படவில்லை. ஸ்டூடியோவில் குரல்மேல் குரலாகப் பதிந்து கட்டியது. அந்த இடம் வந்ததும் நால்வரும் மேடையை விட்டு இறங்கிவிடுவார்கள், ஒலிநாடா ஓடும். காலி மேடையைப் பார்த்துக் கூட்டம் பாடிக்கொண்டிருக்கும்.