பூட்டிய வார்டில் யார் சாட்சி?

பொது மருத்துவமனையில் இதய நோயாளி ஒருவர், "ராத்திரி மூன்று தடவை கூப்பிட்டேன், யாரும் எட்டிப் பார்க்கவில்லை" என்று சொன்னால் அது புகார். மனநல வார்டில் இருப்பவர் அதையே சொன்னால் கேஸ் ஷீட்டில் அது 'ஊழியர்கள் மீது சந்தேகப்படுகிறார்' என்று ஏறக்கூடும். மறுநாளும் சொன்னால் 'ஒத்துழைப்பதில்லை' என்றாகும். குரலை உயர்த்திச் சொன்னால் மருந்தின் அளவும் உயரலாம். எல்லா வார்டிலும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. சில சமயம் அந்தச் சந்தேகம் உண்மையாகவே நோயின் வேலையாக இருக்கும். சிக்கலே அதில்தான் இருக்கிறது. புகாரும் அறிகுறியும் ஒரே வாயிலிருந்து ஒரே சொற்களில் வரும் இடத்தில், கிடைக்கும் சிகிச்சை நல்லதா கெட்டதா என்று வெளியிலிருந்து வருபவர் எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடிப்பதற்காக எதுவரை போகலாம்?

வேஷம் போட்டுப் போகலாம் என்பது பழைய பதில். 1887-இல் நெல்லி பிளை என்ற இளம் பத்திரிகையாளர் புத்தி பேதலித்தவராக நடித்து, நியூயார்க்கின் பிளாக்வெல்ஸ் தீவில் இருந்த பெண்கள் மனநலக் காப்பகத்துக்குள் போனார். உள்ளே போனதும் நடிப்பை நிறுத்திவிட்டார். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 10 நாள் கழித்து பத்திரிகை அனுப்பிய வழக்கறிஞர் வந்துதான் மீட்டார். அவர் எழுதியதைப் படித்துவிட்டு விசாரணை ஜூரியினர் அவரையும் அழைத்துக்கொண்டு நேரில் போனபோது, சேதி முன்னாலேயே கசிந்து தாழ்வாரங்கள் கழுவித் துடைக்கப்பட்டிருந்தன. அவர் குறிப்பிட்ட நோயாளிகளில் சிலரைக் காணவில்லை. ஆனாலும் காப்பகத்துக்கு ஒதுக்கும் பணம் கூடியது.

1973-இல் அமெரிக்க உளவியலாளர் டேவிட் ரோசன்ஹான் இதே வித்தையை ஆய்வாக்கினார். எட்டுப் பேர், 12 மருத்துவமனைகள். காதில் ஏதோ குரல் கேட்கிறது என்ற ஒரே அறிகுறியைப் பொய்யாகச் சொல்லி உள்ளே சேர்ந்து, அதன்பின் வழக்கம்போல நடந்துகொண்டார்களாம். சராசரியாக 19 நாள் வைத்திருந்துவிட்டுத்தான் அனுப்பினார்களாம். 'சயன்ஸ்' இதழில் வந்த அந்தக் கட்டுரை மனநல மருத்துவத்தையே உலுக்கியது. 2019-இல் சூசன்னா கஹாலன் என்ற பத்திரிகையாளர் பழைய காகிதங்களைத் தேடி எடுத்தபோது கதை மாறியது. ரோசன்ஹான் தானே நோயாளியாகச் சேர்ந்தபோது டாக்டரிடம் சொன்னது, கட்டுரையில் எழுதியதைவிட அதிகம். எட்டுப் பேரில் பலரை அடையாளம் காணவே முடியவில்லை. மருத்துவமனையில் தன்னை நன்றாகவே நடத்தினார்கள் என்று சொன்ன இன்னொருவரின் தகவல் கணக்கிலிருந்து விலக்கப்பட்டிருந்தது.

பொய் சொல்லி உள்ளே போனவர் வெளியே வந்து சொல்வதை எதை வைத்து நம்புவது என்ற கேள்வி வேஷத்தோடு கூடவே வருகிறது. ரோசன்ஹானின் விஷயத்தில் அது ஏறக்குறைய ஐம்பது ஆண்டு தாமதமாக வந்தது, அவ்வளவுதான். அதன் நஷ்டம் அவர் பேருக்கு மட்டுமல்ல, 'அங்கே இப்படித்தான் நடக்கிறது' என்று உண்மையாகவே முறையிடும் நோயாளியின் பேச்சுக்கும்தான். ஏற்கெனவே எடை குறைந்த சாட்சி அது. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்றால் கொட்டகையே சிரிக்கும் சினிமாவைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கவே தேவையில்லை. பத்திரிகையாளர் வேறு கதவே இல்லாத இடத்தில் வேஷம் போட்டால் மன்னிக்கலாம். ஆய்வாளருக்கு அந்தச் சலுகையை நீட்டக்கூடாது. வேஷத்தை வழக்கமாக்கினால், உள்ளே வந்து பார்க்கும் உரிமையைச் சட்டமாகத் தரவேண்டிய அரசும் நிம்மதியாக இருந்துவிடும்.

சரி, முன்வாசல் வழியாகப் போகலாம் என்றால், அனுமதி தரவேண்டியவர் யாரைப் பற்றி ஆய்வோ அவரேதான். கண்காணிப்பாளர் கையெழுத்து, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், துறையின் கடிதம் என்று ஒவ்வொன்றாக வாங்குவதற்குள் எந்த வார்டு, எந்தத் தேதி, எத்தனை மணி என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். அன்றைக்குப் படுக்கை விரிப்பு வெளுப்பாக இருக்கும். கேள்வித்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், பேச்சுக் கேட்கும் தூரத்தில் அட்டெண்டர் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். 'சாப்பாடு எப்படி?' 'நல்லா இருக்கு சார்.' 'நர்ஸ் எப்படி நடத்துறாங்க?' 'நல்லா நடத்துறாங்க சார்.' பதில் சொல்பவருக்கு ஒரு விஷயம் மிகத் தெளிவாகத் தெரியும்: அவர் எப்போது வீட்டுக்குப் போவார் என்பதை முடிவு செய்பவர்கள் அந்தக் கட்டிடத்துக்குள்தான் இருக்கிறார்கள். ஆய்வாளர் ஐந்து மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். இவர் அங்கேதான் படுக்க வேண்டும். இப்படித் திரட்டிய 'திருப்தி' மதிப்பெண்களைக் கூட்டி அட்டவணை போடுவதைவிட, கேட்காமலேயே இருப்பது நேர்மை. கேட்டுத்தான் ஆகவேண்டும் என்றால், டிஸ்சார்ஜ் ஆகிச் சில வாரம் கழித்து, வார்டுக்கு வெளியே, முன்பு உள்நோயாளியாக இருந்த ஒருவரே கேட்கட்டும். உலக சுகாதார நிறுவனம் 2012-இல் வெளியிட்ட 'குவாலிட்டி ரைட்ஸ்' மதிப்பீட்டுக் கருவி, பார்வையிடும் குழுவில் அத்தகையவர்கள் இருக்க வேண்டும் என்கிறது. குஜராத்தின் அரசு மனநல மருத்துவமனைகள் சிலவற்றில் அந்த முறை நடைமுறைக்கும் வந்தது.

சம்மதம் என்ற விஷயம் இதைவிடக் கடினம். பூட்டிய கதவுக்குள் இருப்பவர் தரும் சம்மதம் எவ்வளவு சுதந்திரமானது என்ற கேள்வி நியாயமானது. அதனால்தான் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 99-வது பிரிவு, நேர்காணல் செய்யும் ஆய்வுக்குக்கூடச் சுதந்திரமான, விவரம் அறிந்த சம்மதம் வேண்டும் என்கிறது. மனநோயாளிகளைச் சோதனை எலிகளாக்கிய வரலாறு இருக்கும்போது இந்தக் கண்டிப்பைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அதன் விளைவு ஒன்றைக் கவனிக்க வேண்டும். சம்மதம் தரத் தெளிவு உள்ளவர்களை மட்டும் கேட்டால், கட்டிப்போடப்பட்டவர், ஊசியின் மயக்கத்தில் கிடப்பவர், பேச்சே நின்றுபோனவர் எல்லாரும் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறார்கள். கொடுமை நடந்தால் முதலில் அவர்களுக்குத்தான் நடக்கும். காப்பாளரிடம் சம்மதம் வாங்கலாம் என்றால், பலருக்கு வந்து பார்க்கவே ஆளில்லை. 24 மாநிலங்களில் 43 அரசு மனநல மருத்துவமனைகளைப் பார்த்து 2019-இல் வெளியான அறிக்கை, உள்ளே இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் ஓராண்டோ அதற்கு மேலோ அங்கேயே இருப்பதாகச் சொன்னது. அவர்களுக்காகக் கையெழுத்துப் போட யாரைத் தேடுவது?

அதே 99-வது பிரிவு ஒரு வழியை விட்டுவைத்திருக்கிறது. சம்மதம் தரமுடியாதவர்களின் சிகிச்சைக் குறிப்புகளை, அடையாளம் வெளியே தெரியாமல் ஆராயத் தடையில்லை. இந்த வழியைக் கேட்டுப் போனால்தான் "நோயாளியின் அந்தரங்கம்" என்ற பதில் அதிகமாகக் கேட்கிறது. அந்தரங்கம் நோயாளியின் சொத்து. எத்தனை பேரை எத்தனை மணி நேரம் கட்டிப்போட்டார்கள் என்பது யாருடைய அந்தரங்கம்? நோயாளியின் பெயரை மறைத்துவிட்டால் அவருக்கு அதில் மறைக்க ஒன்றுமில்லை. மறைக்க ஏதாவது இருந்தால் அது நிறுவனத்துக்குத்தான். நோயாளியைக் காக்க எழுதிய விதியை நிறுவனம் தனக்குக் குடையாகப் பிடித்துக்கொள்வதை நெறிமுறைக் குழுக்கள் பெரும்பாலும் தட்டிக் கேட்பதில்லை. ஆய்வாளர் அத்துமீறுவாரோ என்று பார்ப்பதற்காகவே அமைந்த குழுக்கள் அவை. ஆய்வு நடக்காமல் போவதும் ஒரு தீங்கு என்பது அவற்றின் படிவத்தில் இல்லை.

அந்தக் குறிப்புகளில் என்ன கிடைக்கும்? சட்டத்தின் 97-வது பிரிவு தனியறையில் அடைப்பதைத் தடை செய்கிறது. கட்டிப்போடுவதை உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பான மனநல மருத்துவரின் ஒப்புதலோடு அனுமதிக்கிறது. ஆள் பற்றாக்குறை காரணமாகாது, தண்டனையாகவும் கூடாது. ஏன் கட்டினார்கள், எப்படி, எவ்வளவு நேரம் என்று எழுத வேண்டும்; 24 மணி நேரத்துக்குள் நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்குத் தெரிவிக்க வேண்டும்; மாதம் ஒருமுறை மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை போக வேண்டும். ஆகவே காகிதம் இருந்தாக வேண்டும். காகிதத்தைப் படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கட்டிய நேரம் எல்லாம் 10.00, 2.00 என்று முழு மணியாகவே இருக்கிறதா? காரணம் என்ற இடத்தில் பக்கம் பக்கமாக ஒரே சொல்லா? ஒரு வாரத்துக்கான பதிவு முழுவதும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், சனிக்கிழமை உட்கார்ந்து எழுதியதுபோல இருக்கிறதா? இரவு டியூட்டிக்கு ஆள் குறைந்த நாளும் கட்டிப்போட்ட நாளும் ஒன்றாக வருகின்றனவா? டியூட்டிப் பட்டியலையும் இந்தப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு, நூறு நேர்காணல் சொல்லாததை அவை சொல்லும்.

இதிலும் ஒரு பொறி உண்டு. அமெரிக்காவில் மனநல உள்நோயாளி மருத்துவமனைகள் கட்டிப்போட்ட நேரத்தையும் அடைத்துவைத்த நேரத்தையும் கணக்கிட்டு அரசுக்குத் தர வேண்டும். அது பொதுமக்கள் பார்வைக்கும் வைக்கப்படுகிறது. கணக்கைத் தருவது மருத்துவமனையேதான். பத்து நிமிடம் கட்டியதையும் விடாமல் எழுதும் வார்டு பட்டியலில் மோசமாகத் தெரியும். எழுதாத வார்டு சொர்க்கமாகத் தெரியும். எண்ணை மட்டும் பார்த்துப் பாராட்டவும் தண்டிக்கவும் தொடங்கினால் அடுத்த ஆண்டு எல்லோருமே எழுதாமல் இருக்கக் கற்றுக்கொள்வார்கள். பூஜ்ஜியம் என்று வரும் வார்டுக்குத்தான் ஆய்வாளர் முதலில் போக வேண்டும் என்பது விதண்டாவாதம்போலத் தோன்றலாம். பதிவேட்டோடு பழகியவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்.

எங்கே தேடுவது என்பதும் அறக்கேள்விதான், புள்ளியியல் கேள்வி மட்டுமில்லை. தேசிய மனித உரிமை ஆணையம் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் துணையோடு நாட்டின் மனநல மருத்துவமனைகளை ஆராய்ந்து 1999-இல் அறிக்கை வெளியிட்டது. பல இடங்கள் கட்டடத்திலும் நடைமுறையிலும் சிறைபோலவே இருப்பதை அது எழுதியது. கவனமான, துணிச்சலான வேலை. இரண்டே ஆண்டில், 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநல இல்லம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றி 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. இதுபோன்ற இல்லங்கள் அந்த ஆய்வின் பட்டியலில் வரும் வகையைச் சேர்ந்தவையல்ல. பட்டியலில் மருத்துவமனைகள்தான் இருந்தன. அதைவிட உறுத்துவது, அங்கே ரகசியம் என்று எதுவும் இருக்கவில்லை என்பது. ஏர்வாடி தர்காவுக்கு வந்த ஆயிரக்கணக்கானவர்கள் அந்தச் சங்கிலிகளைக் கண்ணால் பார்த்தவர்கள்தான். வேஷம் போட வேண்டியதில்லை, அனுமதி கேட்க வேண்டியதில்லை. பார்த்தவர் யாருக்கும் 'இதற்கு இன்னார் பதில் சொல்ல வேண்டும்' என்று சுட்டிக்காட்ட ஒரு பெயர் இருக்கவில்லை. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்த பிறகுதான் மாநிலங்கள் இத்தகைய இடங்களைக் கணக்கெடுக்கத் தொடங்கின. 2023 ஜனவரியில் அதே மனித உரிமை ஆணையம், குவாலியர், ஆக்ரா, ராஞ்சி மருத்துவமனைகளைப் பார்த்த பிறகு, நாட்டின் 46 அரசு மனநல நிறுவனங்களின் நிலை மனிதத்தன்மையற்றது என்றும், குணமானவர்களையும் சட்டத்துக்குப் புறம்பாக வைத்திருக்கிறார்கள் என்றும் நோட்டீஸ் அனுப்பியது. 1999-க்கும் 2023-க்கும் நடுவில் ஆய்வுக்குப் பஞ்சமில்லை.

ஆகவே ஆய்வறிக்கை யாரைச் சுட்டுகிறது என்பதில் கவனம் வேண்டும். கயிற்றைக் கட்டியவர் வார்டன் அல்லது அட்டெண்டர். சுலபமாகக் கையில் அகப்படுபவரும் அவர்தான். அவரைச் சஸ்பெண்ட் செய்துவிட்டு நடவடிக்கை எடுத்துவிட்டோம் என்று சொல்லலாம். அடித்தவரை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் நிரம்பி வழியும் வார்டில் இரவெல்லாம் ஒரே நர்ஸை விட்டுவைத்த உத்தரவிலும் ஒரு கையெழுத்து இருக்கிறது, நிரப்பாத பணியிடங்களின் கோப்பு யாரோ ஒருவர் மேசையில் இருக்கிறது. அந்தக் கையெழுத்து வரை போகாத ஆய்வு தரத்தைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கலாம். பொறுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியாக, யாரும் பேச விரும்பாத ஒன்று. ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்து வார்டில் உட்கார்ந்திருக்கும் ஆய்வாளர் கண்ணெதிரே ஒருவரை அறைகிறார்கள். வெளியே சொன்னால் அடுத்த நாள் அனுமதி ரத்தாகும். ஈராண்டு ஆய்வு போகும். அதனால் பலன் பெறவேண்டிய ஆயிரம் பேருக்கும் நஷ்டம். சொல்லாவிட்டால் இன்றிரவு அந்த ஒருவர். ஆயிரம் பேரின் நன்மை ஆய்வாளரின் கணிப்பு, அறை நடந்தது. கணிப்புக்காக நடந்ததை விழுங்கச் சொல்லும் எந்தக் கணக்கும் சரியாக இருக்க முடியாது. இப்படி எதையாவது கண்டால் சொல்லியே தீருவேன் என்று நிர்வாகத்திடமும் நோயாளிகளிடமும் முதல் நாளே எழுத்தில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதற்கு ஒப்பாத மருத்துவமனையின் மறுப்பையே ஆய்வின் முதல் முடிவாக எழுதலாம். ஆனாலும் புகார் போகும் முன் அறைபட்டவரிடம் கேட்க வேண்டும். பழிவாங்கல் வந்தால் அது ஆய்வாளர் மேல் வராது. அறைபட்டவர் வேண்டாம் என்றால் அவரை வார்டு மாற்றுவது, மறுஆய்வு வாரியத்துக்கு நேராகத் தெரிவிப்பது என்று அவர் தாங்கக்கூடிய வழியை அவரோடு உட்கார்ந்து தேட வேண்டும். அவர் மனநிலை கேட்கும் அளவில் இல்லை என்று தோன்றினாலும் கேட்கத்தான் வேண்டும். சில நாள் கழித்து மறுபடியும் கேட்க வேண்டும்.

வீடு திரும்பியவர்களில் சிலர், 'என் பெயரைப் போட்டே எழுதுங்கள்' என்பார்கள். நெறிமுறைக் குழு பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது; அவர் நன்மைக்காகத்தான் என்று சொல்லும். சட்டத்தின் 24-வது பிரிவு ஊடகத்துக்குத் தகவல் தருவதைப் பற்றிப் பேசும்போது நோயாளியின் சம்மதம் இல்லாமல் தரக்கூடாது என்கிறது. சம்மதம் தந்தாலும் கூடாது என்று சொல்லவில்லை.