மறுக்கும் உரிமையும் கடையின் அறமும்

வணிகர் தம்மை நாடி வருவோரை மறுக்கும் உரிமை உடையவரா என்னும் வினா, இந்தியச் சூழலில் பொருளியல் வினாவாக மட்டும் நின்றதில்லை. சரக்குத் தீர்ந்தமையாலோ, வந்தவர் தகராறு செய்தமையாலோ மறுப்பதை எவரும் குறைகூறார். வந்தவர் இன்னார் என்பதற்காகவே மறுப்பதுதான் ஆய்வுக்குரியது.

அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் உறுப்பு தொழில் செய்யும் உரிமையை வழங்குகிறது. 15(2)ஆம் உறுப்போ சாதி, சமயம் முதலியவற்றை மட்டும் காரணமாகக் காட்டிக் கடையிலும் உணவகத்திலும் ஒருவரைத் தடுத்தலாகாது என்கிறது. 1948 நவம்பர் 29 அன்று அரசமைப்பு அவையில் ‘கடை’ என்பதன் எல்லை குறித்து ஐயம் எழுந்தது. நாடி வரும் எவருக்கும் தம் சேவையை வழங்க உரிமையாளர் ஆயத்தமாயிருக்கும் இடமே கடை என்றும், நுழைவுரிமை மட்டுமன்றிச் சேவை பெறும் உரிமையும் அச்சொல்லில் அடங்கும் என்றும் அம்பேத்கர் விளக்கினார். தேநீர்க்கடைக்குள் விட்டுவிட்டுத் தனிக்குவளையை நீட்டும் வழக்கத்திற்கு இவ்விளக்கத்தில் இடமில்லை. தமிழில் ‘கடை’ என்பதற்கு வாயில் என்னும் பொருளும் உண்டு. கலிங்கத்துப்பரணியின் ‘கடை திறப்பு’ அப்பொருளதே. திறந்து வைத்தவர் தாமே அழைத்தவராகிறார்.

எனினும் மறுப்பவர் யார் என்பதையும் நோக்க வேண்டும். வட இந்தியாவின் ஜஜ்மானி முறையிலும் மராட்டியத்தின் பலுத்தா முறையிலும், ஊருக்குப் பரம்பரையாகப் பணி செய்து தானியம் கூலியாகப் பெற்ற முடிதிருத்துநருக்கு, ஆதிக்கச் சாதியினரை மறுக்கும் உரிமை இருந்ததில்லை. தலித்துகளுக்கு முடி திருத்தினால் ஊராரின் வருவாயை இழக்க நேரும் என்ற அச்சமே அவரது மறுப்பை ஆண்டது. அம்மறுப்பை அவரது விருப்பம் எனக் கொள்வது பொருந்தாது. ‘மறுக்காதே’ என்னும் சட்டம் அவரது உரிமையைப் பறிப்பதாகத் தோன்றினும், ஊராரிடம் ‘மறுக்க இயலாது’ எனச் சொல்லும் வாய்ப்பை முதன்முறையாக அவருக்கு அளிக்கிறது. பெருநகரில் எவருடைய நெருக்குதலுமின்றி மறுக்கும் முதலாளிக்கு இவ்வாதம் துணை நிற்காது. அவரது மறுப்பு முழுவதும் அவருடையதே.

1955ஆம் ஆண்டின் குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இவ்வேறுபாட்டை ஓரளவு உணர்ந்துள்ளது. பொருள் விற்கவோ பணி செய்யவோ தீண்டாமை காரணமாக மறுப்பதை 6ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. தீண்டாமையைக் கைக்கொள்ள மறுத்தவரைத் தம் சமூகத்திலிருந்து விலக்கிவைப்போரை 7ஆம் பிரிவு தண்டிக்கிறது. கத்தரிக்கோலைப் பிடித்த கையோடு விசாரணை நின்றுவிடுமாயின், அம்மறுப்பை ஆணையிட்டவர்கள் சாட்சிகளாகக்கூட அழைக்கப்படாமல் தப்பிவிடுகின்றனர்.