மாறும் நிரலில் மாறாதது எது?

ஒரு பொருளின் பகுதிகள் அனைத்தும் காலப்போக்கில் மாற்றப்பட்டுவிட்டால், அது பழைய பொருளேதானா, அல்லது அதன் இடத்தில் வந்தமர்ந்த வேறொன்றா என்னும் வினா மெய்யியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. கிரேக்கத் தொன்மவீரன் தீசியஸின் கப்பலில் உளுத்த பலகைகள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டுப் புதியவை பொருத்தப்பட்டதையும், அது அதே கப்பலா என்று அறிஞர்கள் இரு தரப்பாக நின்று வாதிட்டதையும் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் பதிவுசெய்திருக்கிறார். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அறிஞர் தாமஸ் ஹாப்ஸ் இவ்வினாவை மேலும் கூர்மையாக்கி, கழற்றிய பழைய பலகைகளைச் சேர்த்துவைத்து ஒருவர் அதே ஒழுங்கில் இன்னொரு கப்பலைக் கட்டினால், இரண்டில் எது தீசியஸின் கப்பல் என்று கேட்டார். நெடுங்காலம் கற்பனையளவில் நின்ற இக்கேள்வி, எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமம் பெற்ற நிரலைக் கொண்ட திறமூல மென்பொருளில் நடைமுறைக் கேள்வியாகவே எழுகிறது.

கடிதம், கணக்கு, படவில்லை ஆகியவற்றை உருவாக்கப் பயன்படும் லிப்ரே ஆஃபீஸ் இதற்குத் தக்க சான்று. 1980களில் ஜெர்மனியின் லூனபுர்க் நகரில் தொடங்கிய ஸ்டார் டிவிஷன் நிறுவனத்தின் எழுத்துச் செயலியே இதன் வேர். அந்நிறுவனத்தை 1999இல் வாங்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ், அடுத்த ஆண்டில் நிரலைப் பொதுவில் திறந்துவைத்து ஓப்பன் ஆஃபீஸ் திட்டத்தைத் தொடங்கியது. 2010இல் சன் நிறுவனம் ஆரக்கிளின் கைக்கு மாறியபின், திட்டத்தின் எதிர்காலம் குறித்துக் கவலைகொண்ட பங்களிப்பாளர்கள் அவ்வாண்டு செப்டம்பரில் டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பை அறிவித்து, அதே நிரலிலிருந்து லிப்ரே ஆஃபீஸைக் கிளைக்கச் செய்தனர். ஓப்பன் ஆஃபீஸ் என்னும் பெயரும் நிரலும் 2011இல் அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டன. ஆக, ஒரே நிரலிலிருந்து இரு கிளைகள் வளர்ந்தன; ஒன்றிடம் பெயர் தங்கியது, மற்றொன்றிடம் பங்களிப்பாளர்களுள் பெரும்பாலோர் சேர்ந்தனர்.

புதிய கிளையில் நடந்த மாற்றங்கள் மேற்பூச்சு அல்ல. நிரலின் வெளித்தெரியும் நடத்தையை மாற்றாமல் அதன் உள்ளமைப்பை மட்டும் திருத்துவதை மறுசீரமைப்பு என்பர். அவ்வகைப் பணி அங்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. நிரலின் இடையிடையே அதன் போக்கை விளக்க எழுதப்பட்டிருந்த ஜெர்மன் குறிப்புரைகளைத் தன்னார்வலர்கள் பொறுமையாக ஆங்கிலத்தில் பெயர்த்தனர். எங்கிருந்தும் அழைக்கப்படாமல் வெறுமனே கிடந்த செயற்கூறுகள் தேடி நீக்கப்பட்டன. சி++ மொழியின் பொது நூலகம் முதிர்ச்சி பெறாத காலத்தில் சொந்தமாக எழுதிக்கொண்ட தரவுக் கட்டமைப்புகள் பல அகற்றப்பட்டு, பொது நூலகத்தின் கட்டமைப்புகள் அவற்றின் இடத்தைப் பெற்றன. 2014இல் வந்த 4.2 பதிப்பில் விரிதாளின் கருவே மாற்றியெழுதப்பட்டு, அதுவரை தனித்தனிப் பொருள்களாக வைக்கப்பட்டிருந்த கட்டங்கள், ஒரு நெடுவரிசையில் அடுத்தடுத்து வரும் ஒரே வகை மதிப்புகள் ஒரே தொகுதியாக அமையும் முறைக்கு மாறின. இத்தனைக்கும் பின்னர் எஞ்சியிருப்பது பழைய மென்பொருள்தானா?

பௌத்தம் இவ்வினாவுக்கு மிக நுட்பமான விடை ஒன்றை அளிக்கிறது. மிலிந்த பஞ்ஹா என்னும் பாலி நூலில், இரவு முழுவதும் எரியும் விளக்கைக் காட்டித் துறவி நாகசேனர் மிலிந்த மன்னனுக்கு விளக்கம் தருகிறார். முதற்சாமத்துச் சுடரும் கடைச்சாமத்துச் சுடரும் ஒன்றல்ல; ஆயினும் ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று எழுவதால் அவை முற்றிலும் வேறும் அல்ல. எல்லாப் பொருளும் கணந்தோறும் அழிந்து தோன்றுகின்றன, இடையறாத காரணகாரியத் தொடரையே உலகம் ஒரு பொருள் என்று வழங்குகிறது என்பது பின்வந்த பௌத்தர் வகுத்த கொள்கை. நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் என்னும் கருவி, இத்தொடரை எழுத்திலேயே காட்டுகிறது; அதில் ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்தைய பதிவின் அடையாளக் குறியைத் தன்னுள் தாங்கியே பிறக்கிறது. எனினும் இவ்விடை மட்டும் போதாது. ஒரே காரணத்திலிருந்து பிறந்த இரு கிளைகளுக்கும் தொடர்ச்சி ஒருங்கே உண்டு. ஆகவே, இரண்டில் எது பழைய மென்பொருள் என்று தொடர்ச்சியைக் கொண்டு மட்டும் தீர்ப்பளிக்க இயலாது.

தர்க்கத்தைத் தம் துறையாகக் கொண்ட நியாய மரபினர் இவ்விடத்தில் வேறொரு வழியைத் திறக்கின்றனர். முன்பு கண்ணால் கண்டதையே இப்போது கையால் தொடுகிறேன் என்று ஒருவர் உணர்வதற்கு, அவ்விரு அறிவுகளுக்கும் உரிய நிலையான அறிபவன் ஒருவன் வேண்டும் என்று கௌதமரின் நியாய சூத்திரம் வாதிடுகிறது. மென்பொருளுக்கு ஆன்மா இல்லையாதலால், அது தன்னைத்தானே மீண்டும் அறிந்துகொள்ள வழியில்லை. அதனை அதுவென்று அறிபவர் அதற்கு வெளியே இருக்கும் பயனர்தாம். ஆயினும் அவர் பழக்கமான பட்டியையும் படவுருவையும் மட்டும் கண்டு அதுவென்று கொள்வாராயின், அவ்வறிவு தோற்றத்தால் ஏமாறக்கூடியது. தாம் முன்பு எழுதி ஒப்படைத்ததை மென்பொருள் பிழையின்றித் திருப்பித் தருகிறதா என்னும் ஒன்றே அவர் நம்பத்தக்க அடையாளம். ஒரு மென்பொருளின் தன்மை அதன் வரிகளிலோ பெயரிலோ முழுமையாகத் தங்குவதில்லை. தன்னை நம்பியவர்க்கு அது அளித்த வாக்கில்தான் நிலைபெறுகிறது.

இவ்வாக்கு எளிதில் முறியக்கூடியது என்பதற்கும் லிப்ரே ஆஃபீஸின் வரலாறே சான்று தருகிறது. ஸ்டார் டிவிஷன் உருவாக்கிய ஸ்டார் ஆஃபீஸ் காலத்துப் பழைய கோப்பு வடிவங்களைப் படித்துவந்த பெருஞ்சுமையான நிரற்பகுதி, பராமரிக்க அரிதாகிவிட்டதால் 2013இல் வந்த 4.0 பதிப்பில் நீக்கப்பட்டது. தூய்மைப்பணி என்ற அளவில் அது நியாயமானதே. ஆனால் அவ்வடிவங்களில் எழுதி வைத்தவர்களுக்கு அது கதவடைப்பாயிற்று. சில ஆண்டுகளுக்குப் பின் அக்கோப்புகளைப் படிப்பதற்கென்றே தனி நூலகம் ஒன்று எழுதப்பட்டு, லிப்ரே ஆஃபீஸில் இணைக்கப்பட்டது. பழைய நிரல் திரும்பி வரவில்லை, பழைய வாக்கு திரும்பி வந்தது; மெய்யியல் நோக்கில் இவ்வேறுபாடே முதன்மையானது.

இதன் மறுபக்கமும் சிந்தனைக்குரியது. இயங்குதளமும் தொகுப்பானும் சார்ந்திருக்கும் நூலகங்களும் ஓயாது மாறுவதால், ஒரு வரியும் தொடப்படாத மென்பொருள் ஒருநாள் இயங்காமலே நின்றுவிடும். மாறாதிருக்க மாறியே ஆகவேண்டும் என்பது இத்துறையின் நியதி. சிதைந்த கோயிலுக்குத் திருப்பணி செய்யும்போது, இறைத்திருமேனியின் ஆற்றலைப் பாலாலயம் என்னும் தற்காலிகச் சன்னிதிக்கு எழுந்தருளச் செய்து, கட்டடம் பிரிக்கப்பட்டிருக்கும் நாள்களிலும் வழிபாடு தடைபடாமல் நடத்திக் குடமுழுக்குவரை கொண்டுசெல்லும் ஆகம மரபு இந்நியதியை நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் பழைய பயன்பாடு கெடவில்லை என்பதை உறுதிசெய்யும் தானியங்கிச் சோதனைகளை எழுதுபவர்கள், அவ்வாறே பயன் தடைபடாமல் உள்ளிருப்பதை மாற்றும் பொறுப்பை ஏற்கின்றனர்.

இப்பணியில் புதுமையின் புகழ் குறைவு. பழுது நேராதவரை எவரும் அதனைக் காண்பதில்லை. பலன் செய்தவர் பெயரைத் தாங்காது என்று அறிந்தும் செய்யப்படும் செயலை உயர்ந்த அறமாகக் கொண்ட சமய மரபுகள், இன்று இத்தகைய பராமரிப்பாளர்களையும் தம் கருத்துக்குள் கொள்ளவேண்டும். ஆயினும் அறம் ஒரு தரப்பினர்க்கு மட்டும் உரியதன்று. தம் எழுத்தையும் கணக்கையும் ஒரு திறமூல மென்பொருளிடம் ஒப்படைத்திருக்கும் ஒவ்வொருவரும், பிழை கண்டால் தெளிவாக அறிவித்தும், இயன்றால் மொழிபெயர்த்தும், பொருளுதவி செய்தும் அப்பொறுப்பில் பங்கேற்பது கடமை. வாக்கைக் காப்பவர்கள் இருக்கும்வரைதான் வாக்கும் இருக்கும்.